சுவர் தட்டும் நேரம்

எங்கள் சமையலறைச் சுவர் தினமும் சாயங்காலம் ஒருமுறை தட்டும்.

விருந்தாளி கதவைத் தட்டுவதுபோல் அல்ல. சுவருக்குள் யாரோ இருந்துகொண்டு கைமுட்டியால் குத்துவதுபோல் ஒரே ஒரு 'டொக்'. அடுப்புக்கு மேலே தட்டுகள் செருகிய கம்பித் தாங்கி லேசாக நடுங்கும். அதோடு சரி.

அம்மா அதைக் கடிகாரமாக்கிக்கொண்டாள். "சுவர் தட்டிருச்சு. எழுந்து வாசல் விளக்கைப் போடு" என்பாள்.

"அது என்ன சத்தம்மா?"

"பக்கத்து வீட்டுல எதையாவது நசுக்குவாங்க."

"தினமும் ஒரே ஒரு அடியா?"

"சிக்கனமான ஜனம்."

நான் இயற்பியல் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். வேலை கிடைக்காத பெண் சுவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் எந்த அம்மாவுக்கும் பிடிக்காது. அதனால் மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். எனக்குச் சத்தத்தைவிடச் சத்தம் வராத நாள்கள்தான் விசித்திரமாக இருந்தன. சில சாயங்காலங்களில் சுவர் வாயே திறக்காது. அன்றைக்கெல்லாம் அம்மா இருட்டிய பிறகுதான் விளக்குப் போடுவாள்.

எங்கள் தெரு ஏற்றத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் படிக்கட்டு. தண்ணீர் வண்டி ஏறாது. நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் அடுத்த வருடம் குழாய் போடுவோம் என்பார்கள். அடுத்த வருடமும் அதையே சொல்வார்கள். உச்சியில், பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால், பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. மெல்லிய ஊற்றுதான். ஆனால் நிற்காது.

"அதைக் கீழே கொண்டுவர அவங்க எதுக்கு? நாமே கொண்டுவரலாம்" என்று முதலில் சொன்னவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. படிக்கட்டின் அடியில் அவருடைய பட்டறை இருக்கிறது. கதவும் ஜன்னல் கம்பியும் செய்வார்.

கொடுக்க முடிந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். முடியாதவர்கள் பள்ளம் தோண்டினார்கள். முடிவெட்டும் அண்ணன், தோண்ட வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வெட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்தது ஒரே வெட்டு. அந்த மாதம் தெரு முழுக்க ஒரே தலையோடு திரிந்தது. தையலக்கா ஊற்று வாயில் கட்ட வடிகட்டிப் பை தைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா வீடு வீடாக ஏறி வசூலித்தார். "டிக்கெட் கிழிக்காம காசு வாங்கறது எனக்கே கூச்சமா இருக்கு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

குழாய் வாங்கும் பொறுப்பை எல்லாருமாகச் சித்தப்பாவிடம் விட்டார்கள். கனமும் தரமும் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான். தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஊற்று நீர் பகலெல்லாம் மேல்தொட்டியில் சேரும். சாயங்காலம் அதைக் கீழே தெரு நடுவிலுள்ள தொட்டிக்குத் திறந்துவிடுவோம். குழாய் படிக்கட்டோரமாக இறங்கி, எங்கள் சமையலறைச் சுவரை உரசிக்கொண்டு போய், தையலக்கா வாசலில் திரும்பி, தொட்டியில் முடியும். அங்கேதான் வால்வு. தினம் ஒரு வீட்டின் முறை. கண்டக்டர் மாமா ஏணியில் ஏறித் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருப்பார். நிறைந்ததும் ஒரு விசில். உடனே மூடிவிட வேண்டும். கோடையில் ஊற்று இளைத்துவிடும் என்பதால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பது எல்லாரும் சேர்ந்து போட்ட சட்டம். வழியவிட்டால் மறுநாள் ஒருநாள் மட்டும் அதே வீட்டின் முறை தொடரும்.

முதலில் இருந்தது சக்கர வால்வு. சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வலிக்கிறது என்று எல்லாரும் முனகினார்கள். சித்தப்பா சொந்தக் காசில் சிவப்புக் கைப்பிடி வைத்த வேறொன்றை வாங்கிவந்து மாட்டினார். ஒரே தட்டு. நின்றுவிடும். தெருவே கை தட்டியது. அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. விசிலுக்கும் கைக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் மூடுகிறவர்தான் கெட்டிக்காரர். அதில் தையலக்காவை மிஞ்ச ஆளில்லை. விசில் முடியும் முன்பே அவள் கை முடித்துவிடும் என்பார்கள்.

பிறகுதான் குழாய் உடைய ஆரம்பித்தது.

ஒவ்வொரு முறையும் ஒரே இடம். தையலக்கா வாசலில் குழாய் திரும்பும் எல்போ. முதல் தடவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா புதிது வாங்கி ஒட்டினார். மறுபடி உடைந்தது. மறுபடி ஒட்டினார். மூன்றாம் தடவை தையலக்காவின் முறையன்றே உடைந்து, தண்ணீர் அவள் வீட்டுக்குள் புகுந்து, அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகளை நனைத்துவிட்டது.

அவள் நனைந்த துணியைப் படிக்கட்டு முழுக்க விரித்துக் காயப்போட்டுவிட்டு, நடுவில் நின்றாள்.

"பைப்பு சொத்தை. வேற என்ன? நல்ல பைப்புன்னா தண்ணி வீட்டுக்குள்ள வருமா?"

"ஒட்டினது சரியா பிடிக்கலையோ என்னவோ" என்றார் ஒருவர்.

"ஒட்டினவரும் அவர்தானே, வாங்கினவரும் அவர்தானே. மலிவா வாங்கிட்டு..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் யாருமே அதை முடிக்கவில்லை. ஆனால் எல்லாரும் அதைத் தொடங்கி அங்கேயே நிறுத்தினார்கள். தெரு முடிவிலுள்ள ஓடைக்கு அந்தப் பக்கமுள்ள வீடுகளுக்கும் இந்தக் குழாயை நீட்ட அப்போதுதான் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தோம். சிலர் தருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால் "பாக்கலாம்" என்றார்கள்.

சித்தப்பா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கண்டக்டர் மாமாவிடம் மட்டும் சொன்னார். மேலிருந்து கீழ்வரை எல்லாக் குழாயையும் தன் செலவில் மாற்றித் தருவதாக. அதற்கு வெல்டிங் மெஷினை விற்கப்போவதாக. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொள்வானாம்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"மெஷினை வித்துட்டு எதை வெச்சு இரும்பைப் பத்தவைப்பாராம், என்னையா?"

"நீ சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. காசு வாங்கினவன் பதில் சொல்லணும்கிறார். வாங்கின காசுக்கு மேலேயே பைப்பு வாங்கினாரு, அதை வெளியில சொல்றதுக்கும் கௌரவம் குறுக்க நிக்குது." என்னைப் பார்த்தாள். "நீதான் சயின்ஸ் படிச்சவளாச்சே. பைப்பு நல்லதா கெட்டதான்னு உனக்குச் சொல்லத் தெரியாதா?"

தெரியாது என்று வாய்வரை வந்தது. ஆனால் பார்க்கலாமே என்றும் தோன்றியது.

பட்டறை மூலையில் ஒரு சாக்கில் உடைந்த எல்போக்களைச் சித்தப்பா போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு, கனம் அளக்க அவருடைய வெர்னியர் அளவுகோலைக் கேட்டேன்.

"என்ன, பைப்புக்கு ரத்தப் பரிசோதனையா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

சுற்றிலும் அளந்தேன். எங்கும் ஒரே கனம். அதன் மேல் அச்சிட்டிருந்த அளவுக்குக் குறையவில்லை. உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன், குமிழோ பொத்தலோ இல்லை. பின்கட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். சுத்தியல்தான் துள்ளியது. வெயில் பட்டு நொறுங்கியிருக்குமோ என்று படிக்கட்டில் போய்ப் பார்த்தேன். அந்த முனையில் நாள் முழுக்க நிழல்தான்.

மிச்சமிருந்தது விரிசல். அது வளைவின் வெளிப்புறத்தில் நேர்கோடாக ஓடியது. விளிம்புகள் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தன. மேலே ஏதாவது விழுந்து உடைந்திருந்தால் அவை உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இது உள்ளேயிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது.

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் விசில் கேட்டது. சுவர் தட்டியது.

எல்போவை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"என்னடி, முழிக்கிற?" என்றாள் அம்மா.

"அம்மா, நேத்து சுவர் தட்டுச்சா?"

"நேத்தா? இல்ல. விளக்கே லேட்டாத்தான் போட்டேன். முந்தாநேத்தும் இல்ல."

"நேத்து யார் முறை?"

"ரெண்டு நாளும் அருவிதான். அவன் முறை வந்தா எப்பவும் ரெண்டு நாள்தானே."

முடிவெட்டும் அண்ணனுக்குத் தெருவில் அருவி என்றுதான் பெயர். அவர் முறையில் தொட்டி வழியாமல் இருந்ததே இல்லை.

முடிவெட்டும் கடைக்குள் நான் போனதில்லை. மறுநாள் வாசலில் நின்றேன். உள்ளே ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தார். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் கனமாக ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது.

"என்னம்மா, சித்தப்பாவுக்கு முடி வளந்துருச்சா?"

"இல்லண்ணா. உங்களை ஒண்ணு கேக்கணும். எப்படி மூடுவீங்க?"

"எதை? கடையையா? அது இந்த மாதிரி கூட்டம் போனா தானா மூடிக்கும்."

"வால்வை."

அவர் கத்தியை நிறுத்தினார். "மாமா சொல்லி அனுப்புனாரா? இதோ பாரு, நான் வேணும்னு வழியவிடல."

"இல்லண்ணா, சும்மாதான். எப்படி மூடுவீங்கன்னு."

"சிரிக்கக் கூடாது. நான் பக்கத்துல கல்லுல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பேன். விசில் வரும். எழுந்திருக்கச் சோம்பல். கால் கட்டைவிரலால கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துவேன். அதுக்குள்ள தொட்டி வழிஞ்சு, மாமா ஏணியில நின்னுகிட்டே என் ஏழு தலைமுறையையும் விசாரிச்சு முடிச்சிருவாரு."

"உங்க முறையில எப்பவாவது பைப்பு உடைஞ்சிருக்கா?"

கத்தி காற்றில் நின்றது. நாற்காலியில் இருந்தவர் கண்ணை மட்டும் திருப்பி அதையே பார்த்தார்.

"இல்லையே" என்றார் அருவியண்ணன், தனக்கே ஆச்சரியமாக. "என் முறையில வழியும். ஒண்ணும் உடைஞ்சதில்ல."

"அண்ணே, இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு" என்றது நாற்காலி.

நான் திரும்பும்போதுதான் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். பழைய சக்கர வால்வு.

"உங்க சித்தப்பா கழட்டிப் போட்டது. நல்ல கனம்" என்றார் அண்ணன். "எந்தக் காத்துக்கும் அசையாது."

வீட்டுக்கு வரும்வரை எனக்குள் ஒரே பரபரப்பு. புத்தகத்தில் படித்த ஒன்று நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே தினமும் நடக்கிறது என்று தெரியும்போது வரும் பரபரப்பு. அம்மாவிடம் கேட்டேன். சக்கரம் இருந்த காலத்தில் சுவர் தட்டியதா? அம்மா அரிசி களைந்தபடியே யோசித்தாள். "இல்ல. அந்தச் சிவப்பு வந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி நான் கடிகாரத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அப்போதுதான் பரபரப்பு இறங்கியது. சிவப்புக் கைப்பிடி சித்தப்பாவின் பரிசு. குழாய் நல்லது என்று நிரூபிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதன் மேல் கை காட்டுவது.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வெர்னியரை வாங்கிப்போக வந்தார். மெஷினோடு அதையும் கொடுக்கிறாராம். அம்மா டீ போட்டாள். அன்றைக்குத் தையலக்காவின் முறை.

"சித்தப்பா, இங்க கொஞ்சம் கை வைங்களேன்."

"சுவர்லயா?"

"ம்."

அவர் எப்போதும் போல மறுப்புச் சொல்லாமல் உள்ளங்கையைச் சுவரில் பதித்தார். இரும்புப் பொறி தெறித்துத் தெறித்துத் தழும்பேறிய கை. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அம்மா வேடிக்கை பார்த்தாள். விசில் வந்தது.

டொக்.

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பவும் வைத்தார். சுவர் சும்மா இருந்தது.

"இது எப்பேர்ப்பட்ட அடி" என்றார். "எங்கேருந்து வருது?"

"தண்ணிதான் சித்தப்பா. ஓடிவர்ற தண்ணியைச் சட்டுன்னு நிறுத்தினா முட்டிக்கிட்டு அடிக்குது. அருவியண்ணன் மெதுவா மூடுவாரு. அன்னிக்கு வர்றதில்ல. சக்கரம் இருந்தப்பவும்..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவரே எண்ணி முடித்துவிட்டார்.

"அப்ப உடைச்சது நான்."

"பைப்பு நல்ல பைப்பு சித்தப்பா. இத்தனை நாள் தினமும் இந்த அடியை வாங்கிட்டு மூணு தடவைதான் உடைஞ்சிருக்கு."

"அதேதான் சொல்றேன். பைப்பைச் சொன்னப்ப எனக்குப் பாதிதான் வலிச்சது. வாங்கினது நல்லதுன்னு எனக்குத் தெரியும். இப்ப முழுசும் என் தலையில."

டீயைக் குடிக்காமல் போய்விட்டார். வெர்னியரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"என்னடி சொன்ன அவர்கிட்ட?" என்றாள் அம்மா.

"நல்லதுதான் சொன்னேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் வாங்க வந்தவர் தள்ளுவண்டியோடு பட்டறை வாசலில் நின்றார். கண்டக்டர் மாமா விடவில்லை. இது பொதுக்காரியம், எல்லார் எதிரிலும் பேசித்தான் ஆகவேண்டும் என்று சித்தப்பாவைத் தொட்டியடிக்குக் கூட்டிவந்தார். காலை நேரத் தண்ணீர் எடுத்து முடித்திருந்ததால் தொட்டியில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆளாவது வந்திருந்தார்கள். தள்ளுவண்டிக்காரரும் வந்து நின்றார்.

சித்தப்பா சுருக்கமாகச் சொன்னார். "பைப்பு சொத்தை இல்ல. நான் மாட்டின வால்வுதான் தப்பு. எதுவா இருந்தாலும் நான்தான். முழு லைனையும் கெட்டியா மாத்தித் தர்றேன்."

"வால்வுக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் தையலக்கா. "வால்வு அங்க இருக்கு. உடையறது என் வாசல்ல. எதையாவது சொல்லி என்னைச் சமாளிக்கலாம்னு பாக்காதீங்க."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எத்தனையோ வாக்கியங்களை ராத்திரி தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றை அப்படியே விட்டேன். வீட்டுக்கு ஓடி ஒரு சின்ன டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் எடுத்துவந்தேன். தையலக்கா வாசலில், எல்போ அசையாமலிருக்கச் சித்தப்பா தட்டையான இரும்புப் பட்டி போட்டு அழுத்தியிருந்தார். அதன் மேல் டம்ளரை வைத்தேன்.

"என் வாசல்ல என்ன ஜோசியம் பாக்குற?"

"அக்கா... நீங்க வால்வைத் திறந்துட்டு, எப்பவும் மூடற மாதிரி மூடுங்க."

"உடைஞ்சா வீட்டை யாரு துடைக்கிறது?"

"எப்படியும் சொத்தை பைப்புதானே" என்றார் அருவியண்ணன் பின்னாலிருந்து. "கவலைப்படாம மூடுங்க."

அவள் முறைத்தாள். ஆனால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டச் சொன்னால் விட்டுவிடுகிறவள் அல்ல. போய்த் திறந்தாள். தொட்டிக்குள் தண்ணீர் கொட்டியது. கண்டக்டர் மாமா இதற்கும் ஏணியில் ஏறிக்கொண்டு விசிலை வாயில் வைத்திருந்தார். அடித்தார். அவள் கை தட்டியது.

டம்ளர் துள்ளி, கவிழ்ந்து, படியில் உருண்டது.

தள்ளுவண்டிக்காரர் டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார். மறுபடி நிரப்பி வைத்தேன்.

"இப்ப மெதுவா, அக்கா. அருவியண்ணன் மாதிரி."

"அவனை மாதிரியா? காலாலயா?"

"கையாலயே போதும்."

மறுபடி விசில். இந்தத் தடவை அவள் கைப்பிடியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இறக்கினாள். டம்ளர் நீரின் மேல் மெல்லிய வளையம் ஒன்று ஓடி மறைந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அது ஏன் அப்படி?" என்றார் மாமா ஏணியிலிருந்து. "சத்தமா சொல்லு பாப்பா."

"தண்ணிக்குக் கனம் இருக்கு மாமா. அவ்வளவு உயரத்துலேருந்து குழாய் முழுக்க ஓடி வருது. முன்னாடி மட்டும் சட்டுன்னு நிறுத்திட்டா, பின்னாடி இருக்கறது..." இரண்டு கையையும் மோதிக் காட்டினேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "அடடா! பஸ்ஸு!" விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஸ்டாப்புக்கு நேரா வந்தப்புறம் டிரைவர் பிரேக் போட்டா என்ன ஆகும்? பின்சீட்டுல இருக்கறவன் கூட முன்சீட்டுக்காரன் மடியில வந்து விழுவான். உள்ள நிக்கிற கூட்டம் மொத்தமும் ஒரே மோது. அதேதான்! குழாய்க்குள்ள ஒரு பஸ் கூட்டம் வந்துட்டிருக்கு. நாம தினமும் அதுக்குத் திடீர் பிரேக் போட்டிருக்கோம். கூட்டம் எல்லாம் திருப்பத்துல போய் மோதியிருக்கு." தன் மார்பிலேயே தட்டிக்கொண்டார். "விசில் அடிச்சவன் நான்! ஸ்டாப்பு வந்தப்புறம் விசில் அடிக்கிற கண்டக்டரை எவன் வேலைக்கு வெச்சிருப்பான்?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"இருந்தாலும் வால்வை வாங்கிட்டு வந்தவன் நான்தானே" என்றார். "வண்டியைப் பட்டறைக்குத் தள்ளுங்க."

தையலக்கா அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன, பெருமையை எல்லாம் நீங்களே எடுத்துக்கிறீங்க? உங்க வால்வு பாட்டுக்குச் சும்மாதான் இருந்துச்சு. அடிச்சது யார் கை? என் கை. தெருவுலயே வேகமான கைன்னு என்னைப் புகழ்ந்தது யாரு? இதோ நிக்கிறாங்களே, இவங்க எல்லாரும். ஒரு சொட்டு வழியக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? எல்லாரும்தான். போன மாசம் என் துணியை நானே நனைச்சிருக்கேன், நீங்க பாட்டுக்கு மெஷினை விக்கக் கிளம்பிட்டீங்க."

"அதுக்கில்ல..."

"எல்லாரும் சேர்ந்து உடைச்சதை எல்லாரும் சேர்ந்து ஒட்டுவோம். ஒரு எல்போ என்ன விலை வந்துடப் போகுது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கு நான் பாதியில விட்ட பேச்சு ஒண்ணு இருக்கு. அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

சித்தப்பா தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கைக்குட்டையைத் தேடினார். சித்தி தன் முந்தானையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அப்ப மெஷின்?" என்றார் தள்ளுவண்டிக்காரர்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சித்தி.

டீ குடித்துவிட்டு அவர் வெறும் வண்டியைத் திருப்பியபோது, கண்டக்டர் மாமா இரண்டு விசில் அடித்தார். போகலாம் என்று அர்த்தம்.

பழைய சக்கர வால்வை அருவியண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக் கதவு இனி அடித்துக்கொள்ளுமே என்று புலம்பினார். சித்தப்பா சிவப்புக் கைப்பிடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். அது கதவுக்குப் போதுமான கனமில்லையாம். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதாம், வைத்துக்கொண்டார்.

சக்கரத்தைச் சுற்றி முடிக்க நேரமாகிறது. விசிலை எவ்வளவு முன்னால் அடிக்க வேண்டும் என்று மாமாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் தொட்டி குறைகிறது, ஒரு நாள் வழிகிறது. வழிந்தால் மறுநாளும் முறை என்ற சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதில் அருவியண்ணனுக்குத்தான் வருத்தம். இத்தனை காலம் தான் ஒருவன் மட்டும் சரியாக மூடி, இரட்டை முறையும் பார்த்ததற்கு இதுதான் பரிசா என்று கேட்கிறார்.

ஓடைக்கு அந்தப் பக்க வீடுகளுக்கான வசூல் மறுபடி தொடங்கிவிட்டது. வசூலுக்குப் போகும்போது மாமா தையலக்காவையும் கூட அழைத்துக்கொண்டு போகிறார். பாக்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சக்கரம் மாட்டிய முதல் சாயங்காலம் நான் சமையலறையில் சுவரில் கை வைத்துக் காத்திருந்தேன். விசில் கேட்டது. உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் ஓடும் மெல்லிய சிலுசிலுப்பு இருந்தது. அது குறைந்தது. இன்னும் குறைந்தது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

"ஏண்டி, இன்னும் தட்டலையா?" என்றாள் அம்மா. வீடு இருட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே தட்டாதும்மா."

"அப்ப நான் எப்படி விளக்குப் போடறது?"

நான் பதில் சொல்வதற்குள், ஜன்னல் வழியாக நீலமாக ஒரு வெளிச்சம் வந்து சுவரில் அடித்தது. அணைந்தது. மறுபடி அடித்தது. தட்டுகளும் கரண்டிகளும் பளிச்பளிச்சென்று மின்னின. படிக்கட்டின் அடியில் பட்டறையில், வழியும் தண்ணீரைத் தையலக்கா வீட்டுத் துவைகல்லுக்குக் கொண்டுபோக, சித்தப்பா தொட்டிக்கு மாட்ட ஓர் இரும்பு மூக்கைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டாள்.